கூபிசெக் வண்டியின் பச்சைக் கோடு

"ஏழு பவுண்டு பதினோரு அவுன்ஸ்," என்றார் லூமிர் கூபிசெக்.

கண்காட்சி வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்த பெண் அதைக் கேட்கவே இல்லை. அவள் கேட்டது பிக்கப் வண்டி எந்த வருஷத்து மாடல் என்று. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என் பேத்திம்மா. பொறந்தப்போ இருந்த எடை. இப்போ எட்டு வாரம், பன்னெண்டைத் தொட்டுட்டா. வண்டி ஐம்பத்தாறு மாடல், எழுதிக்க."

அவள் சிரித்துக்கொண்டே எந்தப் பிரிவு என்று கேட்டாள். அசல் பிரிவு என்றார். கம்பெனியில் பூசிய பெயிண்டுக்கு மேல் வேறு பெயிண்ட் படாத வண்டிகளுக்கு மட்டும் உள்ள பிரிவு அது. ஜெயிக்கிற வண்டிக்கு ஊதா ரிப்பன் கட்டுவார்கள். அந்த ரிப்பனைப் பேத்தி ஓபலின் தொட்டிலுக்கு மேலே தொங்கவிடுவதாக மகள் கெல்சியிடம் லூமிர் சொல்லியிருந்தார். மகளிடம் சொல்வதற்கு முன்னாலேயே ஊரில் பாதிப் பேரிடமும் சொல்லிவிட்டார். இனி ரிப்பன் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது.

அறுபத்தெட்டு வயதில் அவர் அந்த வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுவருவது இதுதான் முதல் தடவை. அவருக்கு அது வேலை செய்கிற வண்டி. அன்றைக்குக்கூட மாடுகளுக்கு உப்புக்கட்டி ஏற்றிப்போய் மேய்ச்சலில் இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். பின்பெட்டியில் வைக்கோல் துணுக்கு அப்படியே கிடந்தது.

அவருடைய அப்பா அதைப் புதுசாக வாங்கியபோது வான நீலம். நெப்ராஸ்கா வெயிலும் பனியும் பட்டுப் பட்டு, இப்போது கூரையில் நீலமும் துருவும் ஒன்றோடொன்று கலந்து, மழை வரப்போகிற நேரத்து வானம் மாதிரி ஆகிவிட்டது. கதவில் 'கூபிசெக் - முட்டை, கோழி' என்று எழுதியிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல் ஓரத்தில், கை ஊன்றுகிற இடத்தில், பெயிண்டே இல்லை. அப்பாவின் முழங்கை முதலில் நீலத்தைத் தின்றது. அதற்கப்புறம் லூமிரின் முழங்கை மிச்சத்தையும் தின்று இரும்பு வரைக்கும் போய்விட்டது. அந்த இடம் மட்டும் வெள்ளிக் காசு மாதிரி மின்னும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் லூமிர். பதினாலு வயதில் அந்த வண்டியை முதல்முதலாகத் தனியாக எடுத்து, நேராகக் கொட்டகைத் தூணில் கொண்டுபோய் விட்டார். முன் பம்பரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அப்பா வந்து பார்த்தார். இனிமேல் வண்டி உனக்கும் சொந்தம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சாவி வண்டியிலேயேதான் கிடக்கும். எந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவசரமோ அவன் எடுத்துக்கொண்டு போவான். திரும்ப நிறுத்தும்போது எங்காவது ஒரு கீறல் கூடியிருக்கும். லூமிர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு கீறலைத் தவிர. வலது பக்கத்து முன் மட்கார்டில், ஒரு முழ நீளத்துக்குப் பச்சைக் கோடு ஒன்று இழுத்திருந்தது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மக்காச்சோள அறுவடை நேரம். ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடையில் வண்டிகள் வரிசையாக நின்றன. லூமிர் காப்பி வாங்க உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால் மட்கார்டு லேசாக நசுங்கி, அந்தப் பச்சைக் கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் பச்சை டிராக்டர் ஒன்று நின்றது. அதன்மேல் பக்கத்து நிலத்துக்கார மிலோ ஸாப்கா உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது என்னடா என்று லூமிர் கேட்டதற்கு, ஆலங்கட்டி விழுந்திருக்கும் என்றான் மிலோ. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அதற்கப்புறம் அவன் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. இவரும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு பேரும் தினமும் ஒரே மேஜையில்தான் காப்பி குடித்தார்கள். மேகம் கறுத்தால் யாராவது, "பச்சை ஆலங்கட்டி வரும்போல இருக்கே," என்பார்கள். மிலோ காப்பியை ஊதிக்கொண்டிருப்பான். அந்தப் பக்கத்து ரோட்டில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். அதுதான் அவர்களுக்கு வணக்கம். மிலோ எதிரே வந்தால் லூமிரும் விரலைத் தூக்குவார், ஆனால் பாதிதான்.

நடுவர் லிங்கன் நகரத்திலிருந்து வந்தவர். கையில் அட்டையும் பேனாவுமாக வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். கூரையைத் தொட்டுப் பார்த்தார், கதவெழுத்தைச் சாய்ந்து பார்த்தார், இஞ்சினைத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் பச்சைக் கோட்டின் முன்னால் நின்றுவிட்டார். கெல்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கூட்டமும் கூடிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றார் நடுவர். "இப்போல்லாம் புது பெயிண்ட அடிச்சு, தேச்சு, உப்புத்தண்ணி ஊத்தித் துரு ஏத்திக் கொண்டுவர்றாங்க. பாக்கப் பழசு மாதிரியே இருக்கு. இந்தக் கோடு ரொம்ப அழகா இருக்குது. யாரோ கையால இழுத்த மாதிரி தெரியுது. இது எப்படி வந்துச்சு?"

லூமிரின் கழுத்து சிவந்தது. வாழ்நாளில் அவரை யாரும் பொய்க்காரன் என்று சொன்னதில்லை. இப்போது ஊர் முன்னால், பேத்தி முன்னால் சொல்கிறார்கள். நாலடி தள்ளி மிலோ நின்றான், கையில் பாதி கடித்த கொலாச்சியோடு, கசகசா வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி அது. ஒரு பேரைச் சொன்னால் முடிந்தது. ஆனால் வெளியூர்க்காரனிடம் பக்கத்து நிலத்துக்காரனைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

"ஆலங்கட்டிங்க," என்றார் லூமிர்.

கூட்டத்தில் ஒருத்தர் இருமினார். நடுவர் பேனாவைத் திறந்து, வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அட்டையில் ஒரு கோடு போடப் போனார். கெல்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இருங்க," என்றான் மிலோ. கொலாச்சியை முழுசாக விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசினான். "அது என் டிராக்டர் பெயிண்ட். கிளட்ச் நழுவிடுச்சு. நான்தான் இடிச்சேன்."

நடுவர் அவனையும் நம்பவில்லை. கூட்டாளிக்காகச் சொல்லுறீங்களா என்று கேட்டார்.

"இவனுக்காகப் பொய் சொல்ற ஆளு நான் இல்லீங்க, ஊரைக் கேளுங்க. அந்த டிராக்டரை அங்கதான் வரிசைல நிறுத்தியிருக்கேன். குனிஞ்சு முன் அச்சைப் பாருங்க."

எல்லோரும் போனார்கள். நடுவர் முழங்கால் போட்டுக் குனிந்தார். அச்சின் முனையில், கிரீஸுக்கு அடியில், அதே உயரத்தில், வான நீலம் ஒட்டியிருந்தது. வருஷா வருஷம் அந்த டிராக்டர் கண்காட்சிக்கு வந்திருக்கிறது, லூமிரும் வருஷா வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறார். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"அந்தத் துளியைத் துடைக்கவே இல்லையாடா நீ?" என்றார் லூமிர்.

"துடைச்சா நான் செஞ்சது இல்லன்னு ஆயிடுமே."

அப்புறம் தடுக்க ஆளில்லை. பின்கதவுப் பள்ளம் தன் கிடாரி உதைத்தது என்று ஒரு அம்மாள் சொன்னாள். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கீறல் தன் மகனுடையது என்று இன்னொருவர் சொன்னார். நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஊதா ரிப்பனை எடுத்துக் கண்ணாடித் துடைப்பானில் கட்டினார். ரிப்பனில் பாதி தனக்கு வர வேண்டும் என்று மிலோ வாதாடினான். காப்பி வாங்கித் தருகிறேன், போடா என்றார் லூமிர்.

சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும்போது எதிரே மிலோவின் வண்டி வந்தது. லூமிர் விரலை முழுசாகத் தூக்கினார்.

ரிப்பனைத் தொட்டிலுக்கு மேலே மாட்டியபோது, கெல்சிக்கு அன்று காலை நடந்தது ஞாபகம் வந்தது. போட்டிக்குப் போகிற வண்டியாயிற்றே என்று வாளியும் துணியுமாகக் கழுவ வந்திருந்தாள். லூமிர் இடது பக்கத்து மட்கார்டைத் தட்டிக்காட்டி, தன் தோளில் கிடந்த ஓபலைப் பார்த்துச் சொன்னார்:

"தூசியை மட்டும் தட்டு, போதும். இந்தப் பக்கம் பாத்தியா, இன்னும் ஒரு அடிகூட படல. இதை இவளுக்குன்னு வெச்சிருக்கேன். பதினாலு வயசுல வந்து இடிக்கட்டும்."