ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை

அன்று மாலக்கியின் மதுக்கடையில் இருந்தவர்கள்: புல்லாங்குழலோடு என் அண்ணன் டோனாக். பிடிலோடு மாமா மகள் ப்ரீட். கைமேளத்தோடு நான். கல்லாவுக்குப் பின்னால் மாலக்கி. நாலே பேர். எந்த சர்ச்சில் கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

டிசம்பர், ஞாயிறு, மாலை 4:40. கிளேர் கடற்கரையில் அதற்குள் இருட்டிவிடும். கோடையில்தான் அண்ணனுக்கு ஒரு நுரையீரலை எடுத்திருந்தார்கள். அதன்பின் அவன் குழலைத் தொட்டது அன்றுதான்.

"அரை மணி நேரம்தான்டா," என்றான்.

"உன் அரை மணி தெரியாதா?" என்றாள் ப்ரீட். "நடுவுல மண்டையப் போட்டேன்னா உன் பீரையும் நானே குடிச்சிடுவேன்."

ஒரு ஸ்லிப் ஜிக் தொடங்கியது. மூன்று மூன்றாக ஒன்பது தட்டு வரும் ஆட்ட மெட்டு. எங்களிடம் ஒரு வழக்கம். மெட்டை ஆரம்பித்தவர்தான் நிறுத்த வேண்டும். ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அதுவரை மற்றவர்கள் விடக் கூடாது. பெரும்பாலும் மூன்று சுற்றுதான்.

நாலாவது போனது. ஐந்து... ஏழு...

அண்ணனின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"நிறுத்து ப்ரீட்!" என்று கத்தினேன்.

"நானா ஆரம்பிச்சேன்? உங்கண்ணன்டா!"

அண்ணன் குழலை உதட்டிலிருந்து எடுக்காமலே தலையசைத்தான். அவனும் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

லாடம் அடித்த பூட்ஸ். எங்கள் மூவர் காலிலும் ரப்பர் ஷூ. சத்தம் கணப்பின் ஓரம் கிடந்த காலி நாற்காலியின் அடியிலிருந்து வந்தது.

வேகம் கூடியது.

4:58. அண்ணனின் கண் செருகியது. குழலைப் பிடுங்கினேன்.

பிடில் நின்றது.

பூட்ஸ் நிற்கவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தான். மாலக்கி கடையைப் பூட்டியவர் மறுபடி திறக்கவில்லை.

புதன்கிழமை ப்ரீட் போன் செய்தாள்.

"அந்த மெட்டு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாது. நீங்க வாசிச்சீங்க, நான் தட்டினேன்."

"எனக்கும் தெரியாது. உங்கண்ணனுக்கும் தெரியாதாம். விரல் தானா போச்சுங்கிறான்."

நூலகத்தில் ஒரு பழைய கையெழுத்து நோட்டில் அதைக் கண்டுபிடித்திருந்தாள். 1931. அதே கடையில் ஒரு குழல்காரர் வாசிக்கக் கேட்டு எழுதியது. பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'வாசிக்கும்போதே அவருக்கு மூச்சு நின்றது. மெட்டின் முடிவு கிடைக்கவில்லை.'

அடுத்த ஞாயிறு 4:10க்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. அண்ணனின் கட்டில் காலி.

மாலக்கியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி அங்கியோடு வாசலில் நின்றிருந்தான். கையில் குழல்.

"வீட்டுக்கு வாண்ணா."

"அவர் இன்னும் காலைத் தூக்கலடா."

"யாரு?"

அண்ணன் பூட்டிய கதவையே பார்த்தான். நான் மாலக்கியைப் பார்த்தேன். சாவி அவர் கையில்தான் இருந்தது.

4:40.

கதவு உள்ளேயிருந்து திறந்தது... எட்டிப் பிடித்தேன். அங்கியின் நுனிதான் அகப்பட்டது. அதுவும் நழுவியது.

அண்ணன் உள்ளே போனான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.