மேரி எழுதாமல் விட்ட பெயர்

போன வாரம் கம்பெனி பஸ் பெரியபாளையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது முனிரத்தினத்திடமிருந்து போன் வந்தது. நான் பொறுப்பாக இருக்கும் எக்ஸ்ரே பிரிவின் ஆபரேட்டர் அவர். அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "சார், மேரி அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். "சிஸ்டம் மேரி" என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு மேரியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். இருநூறுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அவரும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தேழு வயது. சாகிற வயதே இல்லை.

எனக்கு முன்கோபம் உண்டு. ஒருமுறை என் கம்ப்யூட்டர் நின்றுபோனதும் அவருக்குப் போன் செய்து கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கத்தி முடிச்சதும் சொல்லுங்க சார், வர்றேன்" என்று வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் வந்தார். நான் அதற்குள் ரீஸ்டார்ட் செய்திருந்தேன். அதற்குத்தான் கோபப்பட்டார். "ரீஸ்டார்ட் பண்ணா தப்பு ஓடிப் போயிடும் சார். அதை நிக்க வெச்சிப் பாக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

நான் சொல்ல வந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயம். நாங்கள் வண்டிகளுக்கான அலுமினிய வார்ப்புகள் செய்கிறோம். உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படங்களை மொத்தமாக வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அவை பெரிய பெரிய ஃபைல்கள். அவை போய்ச் சேர்ந்தால்தான் லாரி கேட்டைத் தாண்டும். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரத்திலிருந்து எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்யத் தொடங்கியது. சாதாரண வேலைக்கு நன்றாக இருக்கும். ஃபைல்களை அனுப்பத் தொடங்கினால் சற்று நேரத்தில் மவுஸ் கூட நகராது.

வெளியிலிருந்து சர்வீஸ்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். உள்ளே இருந்த சாஃப்ட்வேரையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாளே பழைய கதை. அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர் முனிரத்தினம். அப்போது அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்குவதைப் பற்றி முடிவெடுக்க இருந்தார்கள். ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது அவர் சினிமா பார்க்கிறார், அதனால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று நான் முடிவு கட்டினேன். பார்த்தீர்களா என்று யாராவது கேட்டிருந்தால் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

புகாரைப் படித்துவிட்டு மேரி அவராகவே வந்தார். முனிரத்தினத்தை நாற்காலியிலிருந்து எழுப்பாமல் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "எப்பலேர்ந்து இப்படி? இன்னா பண்ணா படுத்துக்குது?" என்று கேட்டார். பிறகு அன்றைய ஃபைல்களை அனுப்பச் சொல்லிவிட்டு வாட்ச்சைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் ஒழுங்காகப் போனது. பத்தாவது நிமிடம் திணறியது. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி அனுப்பச் சொன்னார். மறுபடியும் ஒன்பது நிமிடம். நெட்வொர்க் கேபிளை மாற்றினார், அப்போதும் அதேதான். சினிமா பார்த்த தடயம் இருக்கிறதா என்று என் முன்னாலேயே தேடிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

சிபியு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "சார், ஃபைல் போறப்ப வைரஸ் இருக்குதான்னு ஒண்ணொண்ணையும் பாத்துக்கினே அனுப்பும். அதுக்கு வேலை ஜாஸ்தி, சூடாவும். சூடு தாங்கலன்னா தானா வேகத்தைக் கொறைச்சிக்கும். படம் பாத்தா இப்படி ஆவாது. காத்து எங்கியோ அடைச்சிக்கினு இருக்குது" என்றார். பெட்டியை இழுத்துத் திருப்பினார். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் காற்று போவதற்கான துளைகள் இருந்தன. அவற்றை முழுக்க மறைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, அம்மன் படம் ஒட்டியிருந்தது. கீழே காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

அந்தச் சர்வீஸ்காரர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பழையபடி சுவரோரம் தள்ளியிருப்பார்கள். சாமி படத்தை யார் பிய்ப்பார்கள்? மேரியும் தொடவில்லை. "நான் சர்ச்சுக்குப் போறவ. நான் கிழிச்சா நல்லா இருக்காது. ஒட்டினவங்களே எடுக்கட்டும்" என்றார்.

அறையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். நான் குனிந்து படத்தை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். மேரி என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜையன்று பெட்டியைத் துடைத்து, மிஷின் நல்லபடியாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அதை ஒட்டியவன் நான். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. படத்தைச் சுவரில் ஒட்டினேன். அன்று எல்லா ஃபைல்களும் நிற்காமல் போயின.

மாலையில் அவர் அறைக்குப் போனேன். அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'காற்றுத் துளை அடைபட்டிருந்தது. ஆபரேட்டர் மீது தவறு இல்லை.' அவ்வளவுதான். யார் அடைத்தது என்று இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நான் மெஷினுக்குத்தான் ரிப்போர்ட் எழுதுவேன் சார். மனுஷனுக்கு நீங்க எழுதுங்க" என்றார். நான் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி. காரணம் எழுதவில்லை. முனிரத்தினம் நிரந்தரமானார். எனக்கு இனிப்பு கொடுத்து என் காலைத் தொட வந்தார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மேரி அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. சில நாள் குத்திக்காட்டினால் தேவலை என்று இருக்கும்.

மறுநாள் கவரைப்பேட்டையில் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் முனிரத்தினம் பைக் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவரை நிறுத்திச் சொன்னேன். "அந்தப் படத்தை ஒட்டினது நான்தான். உன் மேல எழுதினது தப்பு. அப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தெரியும் சார். படத்துக்குக் கீழ உங்க ஊரு கோயில் பேரு போட்டிருந்திச்சே. நான் அன்னிக்கே அக்காவாண்ட சொன்னேன். கம்னு இரு, அவரே வந்து சொல்வாருன்னாங்க. போன மாசம் கூட கேட்டாங்க, சார் சொன்னாரான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் இல்லக்கான்னேன். சொல்வாரு பாருன்னாங்க."

மேரி என்னைப் பற்றி வைத்திருந்த அந்த நம்பிக்கையைத்தான் நான் அவர் நினைவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அது சரிதான் என்று காட்ட எனக்கு ஆறு வருடம் இருந்தது. ஒரு நாள் பிந்திவிட்டேன்.