அமைதியாக இருந்தால் வலி இல்லையா?

திருமுடிவாக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில், இயந்திரப் பாகங்களை அளந்து பார்க்கும் அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். உலோகம் சூட்டில் விரிந்துவிடும் என்பதால் அந்தக் குளிர். அதற்குள் சால்வை போர்த்தி, காலுறை மாட்டி, மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்த அக்காதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், எதிர் மேஜைக்காரர். நான் சேர்ந்த முதல் வாரமே சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், தனக்கு அரிவாள் செல் சோகை என்று. கூடலூர்ப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்த நோய். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து இரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்தில் எலும்பே நொறுங்குவது போல வலிக்கும். குளிர் ஆகாது, உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் ஆகாது.

வலி வரும்போது கையிலிருக்கும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் பதித்து, சுவரில் ஓரிடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் சிகிச்சை எடுக்கும் இடத்தில் ஓர் ஆலோசகர் சொல்லிக்கொடுத்த, மூச்சை மட்டும் கவனிக்கும் மனக்கவனப் பயிற்சி அது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. எலும்பு வலிக்கு மூச்சைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "வலி போகாதுடி. வலி முட்டியிலதான் இருக்கு, பயம்தான் உடம்பு பூரா பரவுது. அதைத் தனியா பார்த்துட்டா, நான் தாங்க வேண்டியது முட்டி மட்டும்தான்" என்றார். அதற்காக மாத்திரையை ஒருநாளும் அவர் விட்டதில்லை.

மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில் அக்காவால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தொடையிலும் இடுப்பிலும் வலி. ஆட்டோ பிடித்துத் தாம்பரத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு குழியிலும் அவர் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன, வாயிலிருந்து சத்தமே இல்லை. ஆட்டோ அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அக்கா தூங்கிகினு கீறாங்களா?" என்றார். இல்லை என்றேன். பிறகு அவர் குழிகளை ஒதுக்கி ஒதுக்கி மெதுவாக ஓட்டினார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். தனக்கு வழக்கமாகச் சிகிச்சை தரும் பெரிய டாக்டர், வலி மிஞ்சினால் போட வேண்டிய ஊசியை எழுதிக்கொடுத்த கடிதத்தை அக்கா நீட்டினார். வலி பத்துக்கு எத்தனை என்றார். ஒன்பது என்றார் அக்கா. அவர் அசையாமல் இருப்பது மூச்சுப் பயிற்சியால் என்று நான் சொன்னேன். ஒன்பது என்பவர் இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்க மாட்டார், கடிதம் இருந்தாலும் அந்த ஊசியைக் கேட்டவுடன் போட்டுவிட முடியாது, மூச்சுப் பயிற்சி தெரியுமென்றால் அதையே தொடரட்டும் என்று சொல்லி அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். நான் குனிந்து அக்காவின் காதில், "கொஞ்சம் கத்துங்கக்கா" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். முடியாது என்று.

பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

"சார், கத்தினா எனக்கு வலி கூடும். உங்களை நம்ப வைக்கிறதுக்காக அதைச் செய்ய மாட்டேன். மூச்சைப் பார்க்கிறது என் வேலை, நான் பார்த்துக்கிட்டிருக்கேன். மருந்து கொடுக்கிறது உங்க வேலை. கடிதத்துல நம்பர் இருக்கு, பேசுங்க."

டாக்டர் போன் எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். ஊசி இறங்கி, சலைன் ஏற ஆரம்பித்த பிறகும் அக்கா மூச்சைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கண்ணோரம் நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த அந்த அமைதிக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆறாம் நாள் வேலைக்கு வந்தார். உடம்பைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாமே என்றார் மேனேஜர், அக்கறையான குரலில். தன் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று தனக்குத் தெரியும், குளிர் இல்லாத இடத்தில் ஒரு மேஜை போதும் என்றார் அக்கா. அளக்காமல், பாகங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலைக்கு மாறினால் குளிரறை தேவையில்லை என்பதை எழுதியும் கொண்டுவந்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் இழுத்தார்கள். அந்த ஒரு வாரமும் அக்கா தினமும் போய்க் கேட்டார். கடைசியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேஜையின் ஒரு முனையை நான் தூக்கினேன்.

பிறகு நான் அந்த வேலையை விட்டுக் கூடுவாஞ்சேரிப் பக்கம் வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருக்கிறார். இப்போது அந்தச் சோதனைப் பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு. வலி அவரை விட்டுவிடவில்லை, வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது படுக்க வைத்துவிடுகிறது. போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்தி, "இருடி, வந்துடுச்சு" என்றார். அதன் பிறகு அவர் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே, வெளியே. நான் போனை வைக்கவில்லை. நீண்ட நேரம் கழித்து, மாத்திரைப் பட்டை கிழிபடும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம்.

"சரி, சொல்லு. எங்க விட்டோம்?" என்றார்.