ஒற்றைக் கண்ணுக்கு இரட்டைக் குழல்

எனக்கு இடது கண் தெரியாது. ஐந்து வயதில் சோளத்தட்டை குத்திவிட்டது. அதன் பிறகு வெளிச்சம், இருட்டு இரண்டும்தான் அதற்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் பைனாகுலர் வாங்கிய கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் நடுவில் என் முகத்தை உற்றுப் பார்த்து, "அப்ப உங்களுக்கு எதுக்கு ரெண்டு குழல்?" என்று கேட்டிருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

வலது கண் எனக்குப் போதும். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் நீல விளக்குக்குக் கீழே வைத்து, வேறு ரக நூல் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலந்த கோன் அந்த வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவர்கள் கோட்டைவிட்டதை நான் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். மில்லில் யாரும் என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பறவை பார்க்கும் குழுவில்தான் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளம் குளமாகப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். குழுத் தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் முதல் நாளே சண்டை போட்டிருப்பேன். "உங்களுக்குச் சிரமம் வேணாம்மா, நீங்க நோட்ட வச்சுக்கங்க" என்று அன்பாகச் சொல்லிக் குறிப்பு நோட்டை என் கையில் கொடுத்தார். மூன்று வருடம் அவர்கள் பார்த்தார்கள், நான் எழுதினேன். மார்கழி, தை மாதத்தில் நடக்கும் கணக்கெடுப்பில் ஒரு குளத்தை நானே எண்ண வேண்டும், அந்த எண் என் எண்ணாக ஏட்டில் ஏற வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இரவல் பைனாகுலரை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? கொடுத்த வேகத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நான் திருகிச் சரிசெய்வதற்குள் பறவை அடுத்த ஊர் போயிருக்கும்.

தீபாவளி போனஸ் வந்ததும் கிளம்பினேன். "ஒத்தக் கண்ணுக்கு ரெட்டக் குழலா? பாதி வெலைக்குத் தருவானான்னு கேளு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு நக்கல் அதிகம். வண்டியில் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

கொடைக்கானல் போகிறவர்கள் வாங்குவார்கள் என்று ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் நாலைந்து பைனாகுலர் வைத்திருந்தார். எடுத்ததும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும் ஒன்றை நீட்டினார்.

"பவர் கூடக் கூட அம்புட்டும் கிட்டத்துல தெரியும்க்கா. மொதல்ல வலது கண்ண மூடிட்டு, இடது கண்ணால பாத்து நடுச் சக்கரத்தத் திருகுங்க."

"வலது கண்ண மூடுனா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பைனாகுலரை வாங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒற்றைக் குழல் ஒன்றை எடுத்து வந்தார். "இது உங்களுக்குன்னே செஞ்சது மாதிரிக்கா" என்றார். என் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிரிப்பு வந்திருக்கும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கோபத்தில் பொருள் வாங்குகிற ஆள் நான் இல்லை. அந்த இரண்டோடு அலமாரியில் இருந்த சின்ன இரட்டைக் குழல் ஒன்றையும் கேட்டு வாங்கி, மூன்றையும் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். தூரத்தில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மடங்கில் அதன் பெயர்ப்பலகை பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் எழுத்து சாமி வந்தது போல ஆடியது. ஒற்றைக் குழலை ஒரு கையால் பிடித்தால் நடுங்கியது. இரண்டு கையால் பிடிக்க அதில் இடமில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் அந்தச் சின்ன இரட்டைக் குழல் இரண்டு கைக்கும் பாங்காக அமர்ந்து, நெற்றியிலும் ஒட்டி நின்றது. நான் கண்ணாடி போடுகிறவள். கண் வைக்கும் இடத்திலிருந்த ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கியதும் கண்ணாடியோடேயே முழு வட்டமும் தெரிந்தது. பலகையில் 'பழனி' என்று அசையாமல் இருந்தது. அப்படியே நிமிர்த்தி மலைக்கோட்டையைப் பார்த்தேன். மதிலில் உட்கார்ந்திருந்த கரும்பருந்து தலையைத் திருப்பி முதுகைக் கோதியது.

"இதக் குடுங்க."

"எடது குழல் சும்மாதானேக்கா இருக்கும்?"

"எடது கண்ணுந்தான் சும்மா இருக்கு. அதுக்கு மை போடாமலா இருக்கேன்?"

அவர் பில் புத்தகத்தை எடுத்தார்.

அந்தத் தையில் கணக்கெடுப்பு வந்தது. எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளம். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், தலைவர் அதைப் பார்த்து, "அட, நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு நோட்டை நீட்டினார். "இந்தத் தடவ நானும் எண்றேன் சார்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, மருந்துக்கடைக்காரர் எண்ணட்டும், நீங்களும் எண்ணுங்க. நோட்டும் இருக்கட்டும்" என்றார். மருந்துக்கடைக்காரர் எங்கள் குழுவிலேயே பெரிய பைனாகுலர் வைத்திருப்பவர்.

ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் பரந்து கிடந்தன. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை எல்லையாக வைத்துக்கொண்டேன். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் உள்ளதை எண்ணி முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த இடைவெளிக்குப் போனேன். கோன் எண்ணிப் பழகிய கண் அப்படித்தான் போகும். வாத்து வாலைத் தூக்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் வாலையே எண்ணினேன். எனக்கு முப்பத்திரண்டு வந்தது. மருந்துக்கடைக்காரரின் பெரிய பைனாகுலருக்குள் ஒரு நேரத்தில் நாலைந்து வாத்துதான் அடங்கும். கை வலித்து இறக்கி, மறுபடி தூக்கி, விட்ட இடம் தெரியாமல் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஐம்பது என்றார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேரின் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கூட்டிப் பாதியை எழுதிவிடுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் வராது. மூன்று வருடமாக அந்தப் பாதிகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

"நாப்பத்தொண்ணுன்னு போட்ருங்கம்மா" என்றார் தலைவர்.

"நாப்பத்தொண்ண யாருமே பாக்கல சார்."

"அட, ஒரு வழக்கந்தானேம்மா. வெயில் ஏறிருச்சு, டீ குடிக்கப் போவம்."

"அவருதான் தப்பா எண்ணியிருக்காரு. முப்பத்திரெண்டுதான்."

தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க கண்ணப் பத்திச் சொல்லலம்மா..."

யாரும் அதைச் சொல்லவே இல்லை, அவராகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடேறியது. அழுகை வருமோ என்று பயந்தேன், வரவில்லை.

"குடுங்க, நானே ஒரு தடவ பாத்துர்றேன்" என்று என் பைனாகுலருக்குக் கை நீட்டினார்.

"தரமாட்டேன் சார். இது என் கண்ணுக்குத் திருகி வச்சிருக்கு. நான் எண்ணிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தண்ணீரைப் பார்த்தார். தலைவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அந்தக் கையில் நோட்டையும் பேனாவையும் வைத்தேன்.

"முப்பத்திரெண்டுன்னு எழுதுங்க" என்றேன். "எண்ணுனது நான்னு பக்கத்துல என் பேரப் போடுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.