எழும்பூர்வரை ஒரு சவாரி

வளைகுடாவிலிருந்து வந்து இறங்குகிற யாரை டாக்சியில் ஏற்றினாலும், பழவந்தாங்கல் தாண்டுவதற்குள் சவுரிமுத்து கேட்டுவிடுவார்: "குவைத்துல அனகாபுத்தூர் புஷ்பம்னு யாரையாவது பாத்தீங்களா சார்?" புஷ்பம் அவர் மனைவி. வீட்டு வேலைக்குப் போனவள். தொண்ணூறு ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டதிலிருந்து தகவலே இல்லை. கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பம்பாய் விமானத்தில் வந்த பெண்ணொருத்தி துணிப்பையும் கையுமாக மீனம்பாக்கம் ஸ்டாண்டுக்கு வந்தாள். "இங்க சவுரிமுத்துங்கிறது யாரு?" என்றாள். தன் பேர் காந்திமதி, புஷ்பத்தோடு குவைத்தில் இருந்தவள் என்றாள்.

சவுரிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எங்கம்மா கீது அவ? பின்னால வருதா?"

"எழும்பூர் போகணும் அண்ணே. வண்டிய எடுங்க, சொல்றேன்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தாள். இருவரும் ஒரே லாரியில் பாலைவனத்தைக் கடந்ததையும், எல்லையில் கூடாரத்தில் தண்ணீருக்குத் தவித்துக் கிடந்ததையும் சொன்னாள். அங்கே புஷ்பம்தான் எல்லோருக்கும் தைரியம் சொல்வாளாம். 'மெட்ராஸ்ல எறங்கிட்டா கவலையில்ல. எங்க வூட்டுக்காரரு டாக்சியோட நிப்பாரு. உங்கள எழும்பூர்ல வுட்டுட்டுத்தான் நான் வூட்டுக்குப் போவேன்' என்பாளாம்.

சவுரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "அவ அப்படித்தாம்மா."

கண்ணாடியில் பார்த்தார். காந்திமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பரங்கிமலைக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினார்.

"காய்ச்சலும் பேதியும் அண்ணே. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம். ஒரு கேரளாக்கார அம்மாதான் ஜெபம் சொன்னாங்க."

ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக் கிடந்தார். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. காந்திமதி கதவைத் திறக்கப் போனாள். "நான் வேற வண்டி பாத்துக்கிறேன் அண்ணே."

"வாணாம்மா, குந்து. அவ சொல்லிட்டா இல்ல."

கிண்டியும் சைதாப்பேட்டைப் பாலமும் எப்போது கடந்தன என்று அவருக்கே தெரியாது. எழும்பூரில் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவளைத் தெற்கே போகும் ரயிலில் உட்காரவைத்தார். ரயில் நகரும்வரை ஜன்னலோரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து மகள் பேபியிடம் சொன்னார். பள்ளிக்கூட யூனிபார்மைக்கூட மாற்றாமல் அழுது ஓய்ந்தவள் கேட்டாள்: "அம்மாவ எந்த ஊர்லப்பா பொதைச்சாங்க?"

அதைக் கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. காந்திமதிக்கு எந்த ஊர் என்றும் விசாரிக்கவில்லை. மறுநாள் எழும்பூர் பிளாட்பாரத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார்.

அடுத்து வந்தது கல்லறைத் திருநாள். தெருவே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போனது. அப்பனும் மகளும் வீட்டு வாசற்படியில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேபி கல்யாணமாகி வண்டலூர் போன பிறகு, வருஷாவருஷம் அவர் தனியாகவே ஏற்றினார்.