சைரன் மேடம்

ஒன்றும் ஆகாதபோதே எல்லோரையும் ஓடச் சொல்வதுதான் என் தொழில். கோவைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு அலுவலர். தீ, புகை, லிஃப்ட், பாம்பு எல்லாம் என் இலாகா. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சைரன் மேடம்’. தீயணைக்கும் சிலிண்டர் மேல் யாரோ ஈரத்துண்டு காயப்போட்டிருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவரா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னும் ரெண்டு வரி

வேலையில் சேர்ந்த புதிதில் முதல் ஒத்திகை. சைரன் அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். அடித்தேன். ரெண்டு நாய்கள் ஓடின. மனிதர் ஒருவரும் வரவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தால், கணிதப் பேராசிரியர் சைரனை மிஞ்சிய குரலில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் பாதி எழுந்தபடி அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். “சார், கட்டடம் தீப்பிடிச்சிருச்சுங்க” என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைக்கவே இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்க அம்மணி, ரெண்டே வரிதானுங்க, முடிச்சுப்போட்டு வாரனுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவா எரியச் சொல்லுங்க.”

மயங்கிக் கிடந்தவன்

அடுத்த ஒத்திகை அசலாக இருக்கட்டும் என்று, காங்கேயத்துப் பையன் கார்த்தியை அடிபட்டு மயங்கியவனாக நடிக்க வைத்தேன். நெற்றியில் சிவப்பு மை. நண்பர்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பலகாரம் கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்த அவன் அம்மா கேட்டுக்குள் நுழைந்தார். கூடை கீழே விழுந்தது. “கண்ணு!” என்று அவர் அலறியதில் எனக்கு உயிரே போய்விட்டது. இப்படி ஒன்று நடக்கலாமென்று நான் யோசிக்கவே இல்லை.

கார்த்தி ஒற்றைக் கண்ணைத் திறந்து, “அம்மா, சும்மா நடிப்பு. பேசக் கூடாதுன்னு மேடம் சொல்லீருக்காங்க” என்றான். அந்தம்மா அவன் தோளில் ஒன்று வைத்தார். முந்தானையால் மையைத் துடைத்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் குடித்து நிதானமானதும் என்னிடம் கேட்டார்:

“அது போகுதுங்க. ஊட்டுலயும் இவன் நாள் பூரா இப்படித்தானுங்க படுத்துக் கெடக்கறான், அங்கியும் ஒரு சைரன் வெச்சுக் குடுப்பீங்களா?”

கவுனோடு லிஃப்ட்டில்

பட்டமளிப்பு விழா. மேடையில் பெயர்கள் வாசிக்க ஆரம்பித்தாயிற்று. போத்தனூரிலிருந்து வந்த அனிதாவும் அவள் அப்பாவும் ரெண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஆபரேட்டர் வரும்வரை நான் கதவிடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, இதோ வந்துட்டாங்க, பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவு திறந்ததும் அனிதா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் மேடைப் படியேறவும் பெயர் வாசிக்கவும் சரியாக இருந்தது. கைதட்டல் எங்களுக்கும் கேட்டது. அப்பா வியர்வையைத் துடைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

“ரொம்பச் சந்தோசமுங்க. உள்ளார நான் தைரியமாத்தானுங்க இருந்தேன், நீங்க ‘பயப்படாதீங்க’ன்னு சொல்லச் சொல்லத்தான் பயம் வந்துபோச்சு.”

தலை நிறைய நுரை

இது ஒத்திகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளிர் விடுதியில் ஒரு அறையில் கெட்டில் ஒயர் கருகி மெத்தை பற்றிக்கொண்டது. முதல் சைரனுக்கே பெண்கள் இறங்கி வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டன் பெயர் கூப்பிட்டபோதுதான் மலர் இல்லையென்று தெரிந்தது. அவள் அறைத்தோழி நிவேதா வெளிறிப்போய், “மேடம், அவ தலைக்குக் குளிக்கப் போனா. காது மிஷினைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவா” என்றாள். மிஷின் இல்லாமல் மலருக்கு எதுவும் கேட்காது.

புகை வராத பக்கத்துப் படிக்கட்டில் ஏறி ஓடினேன். குளியலறைக் கதவைத் தட்டி என்ன புண்ணியம்? உள்ளே ஜன்னல் கிடையாது, ஸ்விட்ச் வெளியேதான். லைட்டை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். யாரோ விளையாடுகிறார்களென்று கோபத்தோடு, நைட்டியும் தலை நிறைய ஷாம்பு நுரையுமாகக் கதவைத் திறந்தாள் மலர். என் முகத்தைப் பார்த்தாள், மூக்கில் புகை வாடை பட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே நிவேதா அவளைக் கட்டிக்கொண்டதில் நுரை ரெண்டு பேருக்கும் ஆயிற்று. அதற்குள் காவலாளிகள் தீயை அணைத்திருந்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எல்லோரும் கைதட்ட, மலர் உரத்த குரலில் சொன்னாள்:

“மேடம், சைரன் அடிக்கும்போது லைட்டும் இப்படியே மின்னற மாதிரி வெச்சுருங்க. இப்ப நான் போய்த் தலையை அலசட்டுங்களா?”

எங்கள் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்பதற்கு ஒரே அத்தாட்சி, ‘இந்தம்மாவுக்கு இங்கே என்னதான் வேலை?’ என்று ஊரே கேட்பதுதான்.