ஐம்பது லிட்டர் காற்று

ஏர் கம்ப்ரசர் வாங்குவதைப் பற்றி வெள்ளக்கடை ஜேசுதாஸ் மாமாவுக்குத் தெரிந்த அளவு இந்தப் பூமியில் வேறு யாருக்கும் தெரியாது. ராக்கெட் விடுகிறவர்களுக்குக் காற்று விஷயத்தில் சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் போடுகிறார்களாம். சேர்வராயன் மலைக் காற்றே அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறது. இவ்வளவு தெரிந்த மனிதர் இன்றுவரை ஒரு காருக்கும் முழுசாகப் பெயிண்ட் அடித்து முடித்ததில்லை. அது வேறு சங்கதி.

எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். எஸ்டேட்டை ரிசார்ட்டுக்காரர்கள் வாங்கியபோது பழைய அம்பாசிடரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அது பல வருடம் நின்றது. கோழிகள் ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டை வைத்தன. யாரும் கவலைப்படவில்லை.

பிறகு மரியசெல்வி அத்தைக்குச் சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அத்தை என்றால் மாமாவின் சம்சாரம். பஸ் படி ஏற முடியவில்லை. ஒரு தடவை கண்டக்டரும் இன்னும் இரண்டு ஆம்பளைகளும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். பஸ் மொத்தமும் பார்த்தது. அன்றோடு அத்தை சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்னொரு காலும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அம்பாசிடர் என்றால் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். ஆனால் வண்டிக்குப் பேப்பர் காலாவதி. துருவை எடுத்து, தகரம் ஒட்டி, முழுப் பெயிண்ட்டோடு ஜனவரியில் குறித்த தேதிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், தவறினால் வண்டியைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளைத் தவிர, பட்டறைக்கு ஓட்டிப்போகவும் பேப்பர் வேண்டும். ஆகவே வீட்டிலேயே அடிப்பது என்று மாமா முடிவு செய்தார்.

தகரம் வெட்டி ஒட்டியது நன்றாகவே வந்தது. பெயிண்ட்டைப் பீய்ச்சி அடிக்கிற காற்றுதான் வம்பு. முதலில் பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு கம்ப்ரசரைப் பார்த்தார். சத்தமில்லை, எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஒரு கதவு முடிவதற்குள் மூச்சு வாங்கும் என்று தள்ளிவிட்டார். பெரியதற்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், வீட்டில் இருப்பது ஒன்று. ஒண்டிக்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் தன்னுடையதையே தருகிறேன் என்றார். மாமா தொட்டியை ஸ்பேனரால் தட்டிக் கேட்டுவிட்டு, உள்ளே துரு என்று நடையைக் கட்டினார். தொட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பவன் முட்டாள், நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய வேதம். கடைசியில் சேலத்தில் இரண்டு குதிரைச் சக்தி, ஐம்பது லிட்டர் தொட்டி, பெல்ட்டில் ஓடுவது ஒன்றைப் பிடித்தார். காய்கறி டெம்போவில் முட்டைக்கோசுக்கு நடுவே அது மலை ஏறியது.

நான் அதற்குப் பன்னி என்று பெயர் வைத்தேன். ஆயுத பூஜைக்கு அதன் மூஞ்சியில் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டு ஓடினேன். மாதா கோயிலைத் தவிர வேறு எங்கும் கும்பிடாத மனிதர் அதைத் துடைக்கவே இல்லை.

அவர் செய்த ஒரே தப்பு, அதை ஆடி மாதத்தில் வாங்கியது. வீட்டில் ஓட்டிப் பார்த்தார், ஜம்மென்று ஓடியது. ஆனால் மலை முழுக்க மேகம். காற்றோடு தண்ணீரும் குழாயில் வந்தது. அடித்த பெயிண்ட் பால் மாதிரி வெளுத்து, அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாக நின்றது. தண்ணீர் பிரிக்கும் பில்டர் மாட்டினார். ஊரே நனைந்து கிடக்கும்போது பில்டர் என்ன செய்யும். சரி, வெயில் வரட்டும் என்று இருந்தார்.

வெயில் வந்தபோது காப்பிப் பழமும் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைவேல் அண்ணனின் பல்பர், அதாவது பழத்தின் தோலை உரிக்கிற மிஷின், ஓட ஆரம்பித்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு அதில் பழம் கொட்டுவதுதான் என் உத்தியோகம். சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் மூட்டையை இறக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காது. அதற்கும் மாமா வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். பல்பர் ஓடினால் மாமா வீட்டு பல்பு முட்டை மஞ்சள் நிறத்துக்கு வந்துவிடும். பன்னி உம்மென்று முனகிவிட்டுப் படுத்துவிடும். பல்பர் தொடங்குமுன் அடிக்கலாமென்றால் காலைப் பனி, நின்ற பிறகு அடிக்கலாமென்றால் சாயங்காலப் பனி. கரண்ட் இருக்கும்போது ஈரம், ஈரம் இல்லாதபோது கரண்ட் இல்லை.

ஒரு நாள் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள் என்று அத்தை சொன்னார்.

"பழத்தப் பறிச்ச அன்னிக்கே உரிக்கோணும் செல்வி. தங்குனா புளிச்சுப் போயிரும். ஊர்ப் பழத்தையெல்லாம் கெடுத்துப்போட்டு உன்ன எந்த மூஞ்சிய வெச்சுட்டு வண்டியில கூட்டிட்டுப் போறது?"

அத்தை அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் காலை பல்பரின் பெல்ட்டைக் காணவில்லை. யார் எடுத்தார்களோ. குழந்தைவேல் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புது பெல்ட் வாங்கச் சேலத்துக்கு வண்டியை விட்டார். போய்வர மத்தியானம் தாண்டிவிடும். களத்தில் பழம் குவியலாகக் கிடந்தது.

நான் மாமா வீட்டுப் பக்கம் சும்மா போனேன். பனி விலகியிருந்தது. பன்னி ஒரே மூச்சில் கிளம்பியது. மாமா பல்பர் இருக்கும் திசையில் ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, ரிப்பேர் போலிருக்கிறது என்று பெயிண்ட் பீய்ச்சும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். பானெட், முன் கதவு, பின் கதவு என்று இடது பக்கம் முழுக்க நீலம் ஏறியது. ஒரு புள்ளி இல்லை. அத்தை ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நாளைக்கு எந்தச் சேலை என்று கேட்டார். மாமா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு டிக்கியைத் திறந்தார். உள்ளேயும் அடிக்க வேண்டுமாம். ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அதற்கு அடியில் ஒரு சாக்கு.

சாக்கைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். "இது குழந்தைவேல் பல்பர் பெல்ட்டு தானே, கண்ணு."

எலி இழுத்து வந்திருக்கும் என்றேன்.

"சாக்குல சுத்தி, மேல ஸ்டெப்னியத் தூக்கி வெச்சிருக்குது. நொம்ப பலமான எலி."

பன்னியை அணைத்தார். இன்னும் வலது பக்கம் மட்டும்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும், பழம் அதற்குள் கெட்டுவிடாது என்று என்னென்னவோ சொன்னேன். தொட்டிக்கு அடியில் இருந்த திருகைத் திறந்துவிட்டார். ஐம்பது லிட்டர் காற்றும் சீறிக்கொண்டு வெளியேறியது. ஜன்னலில் அத்தையைக் காணோம்.

"கொண்டுபோய் மாட்டு சாமி. களத்துல பழம் சூடேறிட்டிருக்கும்."

பெல்ட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். பெயிண்ட் தின்னர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது கண்ணு," என்றார் மாமா. "காலைல இருந்து நீ இந்தப் பக்கந்தான் நின்ன."